வட்டத்துக்குள் வந்தால் மட்டும்

போனில் கம்பனித் தளத்தின் பக்கத்தை மூடத்தான் ஷிஃபானா விரலை வைத்தாள். மூட விடாமல் அது எழுந்து வந்தது.

கடல் நீல நிறத்தில் ஒரு பெட்டி. ஓரத்தில் துள்ளும் டொல்பின். கம்பனியின் வழக்கமான அலங்காரம்தான். நடுவில் இருந்த எழுத்துதான் வழக்கமானதல்ல.

‘போகப் போகிறீர்களா, ஷிஃபானா? ஜக்சன் இன்னும் போகவில்லை.’

போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். மத்தியான வெயில் ஜன்னல் வழியே அறையை நிறைத்திருந்தது. அப்படியிருந்தும் அவளுக்கு முதுகு குளிர்ந்தது.

“இப்ப வந்ததா?” என்று கேட்டார் எல்சி.

“ஓம் மிஸ்.”

உட்துறைமுக வீதியில், வலையும் கயிறும் விற்கும் கடையின் மேல்மாடியில் எல்சியின் அலுவலகம். முன்பு இருபது வருடங்கள் படகுக் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பரிசோதகராக இருந்தவர். தானாக மூழ்கிய படகையும் மூழ்கடிக்கப்பட்ட படகையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லுவார். இப்போது தனியார் துப்பறிவாளர். அவருடைய உதவியாளன் இன்பாஸ், கிண்ணியாக்காரன். துப்பறிகிற நேரம் போக மிச்ச நேரத்தில் ஓட்டோ ஓட்டுகிறான். அவனைக் கேட்டால் மாற்றிச் சொல்லுவான்.

இன்பாஸ் தன் போனில் அதே பக்கத்தைத் திறந்து மூடினான். “எனக்கு ‘முதல் சவாரிக்குப் பத்து வீதம் கழிவு’ எண்டுதான் வருது. பேர் கூடப் போடயில்லை. பயமுறுத்துறதிலயும் ஆள் பார்த்துத்தான் செய்யிறானுகள் மிஸ்.”

“வாயை மூடு. பிள்ளை, முதலில இருந்து சொல்லுங்க.”

ஷிஃபானா சொன்னாள். சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குக் கூட்டிப்போய்த் திமிங்கிலமும் டொல்பினும் காட்டும் கம்பனி அது. பெயர் முத்துத்துறை சவாரி. அதன் இணையத்தளத்தில் எழுந்து வருகிற பொப்அப் பெட்டிகளைத் தயாரிப்பது அவளுடைய வேலை. எந்தப் பெட்டி யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் காட்ட வேண்டும் என்பதை அவள்தான் தீர்மானிப்பாள். தளத்தைக் கட்டியவன் ஜக்சன்.

இந்தப் பருவம் தொடங்கியபோது மனேஜர் சோமசேகரம் ஒரு யோசனை சொன்னார். வீட்டில் உள்ள எல்லோரும் சவாரிக்கு வந்தால் இரட்டிப்புக் கழிவு. விலாசத்தைத் தந்தால் வாசலுக்கே வான் வரும். ஷிஃபானா அதற்கு அழகாக ஒரு பெட்டி செய்தாள். சனம் விழுந்தடித்துக்கொண்டு நிரப்பியது.

“அதுக்குப் பிறகு,” என்றாள், “சவாரிக்கு வந்த குடும்பங்கள்ட வீடுகள் உடைபடத் தொடங்கினது. ஒவ்வொண்டும் அவங்க கடலில நிக்கிற நேரம். கடைசி வீட்டில ஒருத்தர் காய்ச்சல் எண்டு போகாமப் படுத்திருக்கார். பெட்டியில எல்லாரும் வாறம் எண்டு நிரப்பியிருந்தவங்க. வந்தவனுகள் அவர எதிர்பார்க்கயில்ல. அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டானுகள். இன்னும் நினைவு திரும்பயில்ல.”

இன்பாஸ் மெதுவாக விசிலடித்தான். “வீடு வெறுமையா எண்டு கள்ளன் எட்டிப் பார்க்கத் தேவையில்ல. வீட்டுக்காரரே எழுதிக் குடுத்து, கழிவும் வாங்கியிருக்காங்க.”

“ஜக்சன்தான் அதக் கண்டுபிடிச்சது. மனேஜரிட்டக் கேக்கப் போறன் எண்டு சொன்னார். அண்டைக்குப் பின்னேரம் ரெண்டு பேரும் கம்பனிப் படகில ஏறினதை நான் பார்த்தனான். படகு திரும்பி வரயிக்க மனேஜர் மட்டும்தான். ஜக்சன் தனியக் கடலில குளிக்கப் போனவர், நீரோட்டம் இழுத்துட்டு எண்டு சொல்லிட்டார். சுழியோடிகள் தேடினாங்க. உடல் கிடைக்கயில்ல. இண்டைக்கு மூண்டாம் நாள்.”

“படகில ரெண்டு பேர் ஏறினதை வேற யாரும் பார்த்ததா?”

“இல்ல. ஜக்சன் தன்னோட படகில ஏறவேயில்ல எண்டுதான் மனேஜர் சொல்லுறது. நான் பார்த்ததைப் பொலிசுக்கு நாளைக்குக் காலையில சொல்லவேணும்.” அவள் காலடியில் இருந்த பையைப் பார்த்தாள். “சொல்லத்தான் வேணுமா மிஸ்? உம்மா மூதூரில தனிய இருக்கா. நான் இப்பவே பஸ் ஏறிட்டா யாருக்கும் ஒண்டும் தெரியப் போறதில்ல. முந்தநாள் இரவிலயிருந்து இந்தப் பெட்டி வருது. போகப் போறியா எண்டு கேக்குது. நான் போகப்போறது அதுக்கு எப்படித் தெரியும்?”

கவிழ்ந்து கிடந்த போனை எல்சி நிமிர்த்தி வைத்தார். “இது உங்களுக்கு எங்கயெல்லாம் வந்தது?”

“எல்லா இடத்திலயும்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

ஷிஃபானா யோசித்தாள். அலுவலகத்தில் வந்தது. பஸ் நிலையத்தில் வந்தது. இங்கே வந்தது. உப்புவெளியில் அவள் வாடகைக்கு இருக்கும் அறையில்... இரவு முழுக்கப் பயந்துகொண்டு போனைத் திறந்து திறந்து பார்த்தாளே. அங்கே வந்ததா?

“அறையில வரயில்ல,” என்றாள், தனக்கே ஆச்சரியத்தோடு. “ஆஸ்பத்திரிப் பக்கம் போனபோதும் வரயில்ல.” பிறகு தொழில் தெரிந்தவளின் குரலில், “வட்டம்,” என்றாள். “மிஸ், இதுக்கு வட்டம் போட்டிருக்கு. வரைபடத்தில ஒரு புள்ளி வைச்சு அதைச் சுத்தி ஒரு வட்டம் கீறுவம். வட்டத்துக்குள்ள வாற ஆக்களுக்கு மட்டும்தான் பெட்டி எழும்பும். ஹோட்டல்களுக்குப் பக்கத்தில நிக்கிறவங்களுக்கு ஒரு பெட்டி, ஜெட்டியில நிக்கிறவங்களுக்கு வேறொண்டு எண்டு நாங்களும் அப்படித்தான் செய்யிறது.”

“வட்டத்துக்கு நடுவெண்டு ஒண்டு இருக்கும்தானே?”

“புள்ளி வைச்ச இடம்தான் நடு.”

“அப்ப எழும்புங்க. வட்டத்தின்ர விளிம்பைத் தேடுவம். விளிம்பில மூண்டு இடம் அம்பிட்டாப் போதும், நடுவைப் பிடிச்சிரலாம்.”

“எனக்குக் கணக்குப் பாடத்தில இதை வாத்தியார் சொல்லித் தந்தவர்,” என்றான் இன்பாஸ் ஓட்டோத் திறப்பை எடுத்தபடி. “ஓட்டோவில செய்முறைப் பரீட்சை வருமெண்டு மட்டும் சொல்லயில்ல.”

ஓட்டோ நகரத் தொடங்கியது. ஷிஃபானா பக்கத்தைத் திறந்தாள், மூடினாள். போகப் போகிறீர்களா, ஷிஃபானா? திறந்தாள், மூடினாள். போகப் போகிறீர்களா? வேலையில் ஆயிரம் தரம் பார்த்த பெட்டிதான். அவள் செய்த பெட்டிகள் இப்படித்தான் பிறருடைய கைகளில் திடீர் திடீரென்று எழுந்து நின்றிருக்கும் என்று அன்றுதான் நினைத்தாள்.

மீன் சந்தையைத் தாண்டி, பிரதான வீதிக்குத் திரும்பும் முனையில் பெட்டி வரவில்லை. பக்கம் பேசாமல் மூடிக்கொண்டது.

“நிற்பாட்டு.” எல்சி வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார். கம்பனி பயணிகளுக்கு இனாமாகக் கொடுக்கும் வரைபடம்தான்.

அடுத்து கண்டி வீதிப் பக்கம். சாமான் ஏற்றிய லொறிகளுக்கு நடுவே இன்பாஸ் புகுந்து புகுந்து போனான். ஒரு டயர் கடை வாசலில் பெட்டி நின்றுபோனது. எல்சி இரண்டாவது புள்ளியை வைத்தபோது ஷிஃபானா தற்செயலாக ஓட்டோவின் பின்பக்க இடுக்கால் பார்த்தாள்.

வீதியின் மறுகரையில் ஒரு பச்சை வான் நின்றது. பக்கவாட்டில் சிரிக்கும் டொல்பின்.

“மிஸ்,” என்றாள். மறுபடியும், “மிஸ். எங்கட வான். அதுக்குள்ள அவர்.”

வாகனத்தின் கண்ணாடி கீழே இறங்கியிருந்தது. சோமசேகரம் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டோவை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு வான் புறப்பட்டு, அவர்கள் வந்த வழியே திரும்பிப் போனது.

“பின்னுக்கு வாறவன் திரும்பிப் போறானே,” என்றான் இன்பாஸ். “இது எந்த ஊர்ப் பின்தொடர்தல்?”

“மேல போ. உவர்மலைக்கு. அங்கயிருந்து துறைமுகம் முழுக்கத் தெரியும்.”

உவர்மலை ஏற்றத்தில், ஒரு பாடசாலை வாசலைக் கடந்த வளைவில் மூன்றாவது தடவையாகப் பெட்டி வராமல் போனது. பாடசாலை விடும் நேரம். பெற்றோர் குடைகளோடும் மோட்டார் சைக்கிள்களோடும் வாசலில் கூடியிருந்தார்கள். இன்பாஸ் ஓட்டோவை ஒரு வேம்பின் கீழ் ஒதுக்கினான். எல்சி வரைபடத்தை இருக்கையில் விரித்து, பேனைமூடியால் அளந்து அளந்து கோடு இழுத்தார்.

கோடுகள் சந்தித்த இடத்தைப் பார்க்க மூவரும் குனிந்தார்கள்.

நடுப்புள்ளி கடலில் விழுந்திருந்தது.

ஷிஃபானா கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீருக்கு அடியில் ஜக்சன் கிடக்கும் இடத்தில் யாரோ புள்ளி வைத்து, அவளை அங்கே கூப்பிடுகிறார்கள். இன்னும் போகவில்லை. அங்கேயேதான் கிடக்கிறான்.

“கண்ணைத் திறவுங்க பிள்ளை,” என்றார் எல்சி. “வரைபடத்தைப் பார்க்காதீங்க, கடலைப் பாருங்க.”

கீழே உட்துறைமுகம் ஒரு தட்டில் ஊற்றிய எண்ணெய் போல் அசையாமல் கிடந்தது. கோடுகள் சந்தித்த திசையில், கரையிலிருந்து விலகி, பாவனைக்கு உதவாத மூன்று பழைய படகுகள் நங்கூரத்தில் கட்டிக் கிடந்தன. அவற்றில் ஒன்றின் பக்கவாட்டில் மங்கிப்போன ஒரு டொல்பின் படம்.

“அது எங்கட பழைய படகு,” என்றாள் ஷிஃபானா. “என்ஜின் பழுது. போன பருவத்தோட ஒதுக்கினது.”

“அதில இன்னும் என்ன இருக்கு?”

“ஒண்டுமில்ல. கதிரைகள். தண்ணிப் போத்தல் கொஞ்சம். முன்பதிவு எடுக்கிற டெப்லட் ஒண்டு, சூரிய ஒளியில சார்ஜ் ஏறுறது. அதில எங்கட தளத்தையும் பொப்அப் போடுற இடத்தையும் தவிர வேற ஒண்டும் திறக்க ஏலாது. வேலையாக்கள் படம் பார்க்கக்கூடா எண்டு ஜக்சன்தான் அப்படிப் பூட்டினது...” அவள் நின்றுபோனாள்.

“சொல்லுங்க.”

“போன் கோல் எடுக்கவும் ஏலாது அதில.”

எல்சி பேனையை மூடினார். “முதலில இருந்தே எனக்கு இடிச்சது இதுதான். பயமுறுத்துறவன் உங்களை ஊரை விட்டுக் கலைக்கத்தான் பார்ப்பான். நீங்கள் உப்புவெளிக்குப் போனாலும் மூதூருக்குப் போனாலும் பின்னால வந்து பயமுறுத்துவான். இது தூரப் போனா வாயை மூடிக்கொள்ளுது. கிட்ட வந்தால்தான் பேசுது. இது மிரட்டல் இல்ல பிள்ளை. ஆள் கூப்பிடுறார்.”

ஷிஃபானா மறுபடி அந்தப் படகின் பக்கம் திரும்பினாள். “உயிரோடயா?”

“செத்தவன் வட்டம் கீறமாட்டான். நீந்திப் போய் ஏறியிருக்கார். காயமாயிருக்கும், இல்லாட்டி இறங்கியிருப்பார்.”

“கூப்பிட்டுக் கத்தலாமே?” என்றான் இன்பாஸ்.

“ஆரைக் கூப்பிடுறது? அந்தப் பக்கம் போறது வாறது கம்பனி வள்ளங்கள்தானே. எங்க இருக்கிறன் எண்டு பெட்டியில எழுதினாலும் மனேஜர் பார்த்திருவார்...” எல்சி இடைநிறுத்தினார். “பார்க்க ஏலுமா? உங்கட பேருக்குத்தானே வருது?”

அந்தக் கேள்வியில்தான் ஷிஃபானாவுக்கு விஷயம் விளங்கியது.

“பேர் தானா விழும் மிஸ். ஆர் பார்க்கிறாங்களோ அவங்கட பேர். புதுப் பெட்டி செய்தா முதல்ல எங்களுக்கே அனுப்பிப் பார்ப்பம், பரிசோதனைக் குழு எண்டு சொல்லி. எந்தப் பெட்டியையும் நாங்க முதல்ல போடுறது அந்தக் குழுவுக்குத்தான். கை தானாப் போகும். ஜக்சனும் அதைத்தான் தெரிவு செய்திருக்கார்.” அவள் விரல் விட்டு எண்ணினாள். “குழுவில நாங்க மூண்டு பேர். ஜக்சன், நான், மனேஜர். தான் பார்க்காம எதுவும் வெளிய போகக்கூடா எண்டு அவரேதான் தன்னைச் சேர்க்கச் சொன்னவர்.”

மூவரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள். பச்சை வான் மீன் சந்தை முனையில் நின்றது. அவர்கள் முதற்புள்ளி வைத்த அதே இடத்தில்.

“அல்லாவே,” என்றான் இன்பாஸ் மெல்லிய குரலில். “அவன் எங்களுக்குப் பின்னால வரயில்ல. எங்களோட சேர்ந்து வட்டம் கீறுறான்.”

“அவருக்கு ரெண்டு இடம் அம்பிட்டுட்டு. மூண்டாவதுக்கு இங்கதான் ஏறி வருவார்,” என்றார் எல்சி. அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். பொலிஸ் நிலையத்தில் தெரிந்த அதிகாரியிடம் சுருக்கமாகப் பேசினார். ஜெட்டிக்கு ஜீப் அனுப்புவதாகச் சொன்னார்களாம். படகு ஏற்பாடு செய்ய நேரமெடுக்குமாம்.

“வலைக்கடைக்காரர்ட வள்ளம் கீழ நிக்குது,” என்றான் இன்பாஸ்.

“அதில நாங்க போவம். பிள்ளை, அந்தப் பெட்டியை நிற்பாட்ட ஏலுமா?”

“தேடினனான் மிஸ். பட்டியலில புதுசா ஒண்டுமே இல்ல.” சொல்லிக்கொண்டே விரல் பட்டியலில் ஓடியது. பழைய பெட்டிகள், முடிந்த பெட்டிகள். நடுவில் ஒன்று இன்னும் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. நோன்புப் பெருநாளுக்காக அவள் செய்தது. எது நன்றாக எடுபடும் என்று பார்க்க இரண்டு வடிவங்கள் போட்டு, பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது என்று விட்டிருந்தாள். விட்டதோடு மறந்துபோனாள். இந்தத் தொழிலில் பரிசோதனையைத் தொடங்காதவருமில்லை, முடிக்க மறக்காதவருமில்லை. அவள் மறதி ஜக்சனுக்குத் தெரியும். இரண்டாவது வடிவத்தைத் திறந்தாள். கடலில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி ஒரு வட்டம்.

“கண்டுட்டன். நிற்பாட்டட்டா?”

எல்சி வாய் திறக்குமுன் அவளே தலையை ஆட்டினாள். “இல்ல. நிற்பாட்டினா மனேஜருக்கு விளங்கிரும். வட்டத்தை நகர்த்துறன்.”

எல்சி அவளை ஒரு கணம் பார்த்தார். “இங்க தனிய நிப்பீங்களா?”

ஏலாது என்று சொல்லத்தான் நினைத்தாள். “நிப்பன்,” என்று வந்தது.

ஓட்டோ இறக்கத்தில் பாய்ந்தது. ஷிஃபானா வேம்பின் கீழே தனியே நின்றாள். பை தோளில் தொங்கியது. வான் மெதுவாக மலைப்பக்கம் திரும்பியது. அவள் வட்டத்தைச் சுருக்கி, நகரத்துக்குள் இழுத்து வைத்தாள். வான் நின்றது. உள்ளே அவர் பக்கத்தை மூடிப் பார்த்திருக்க வேண்டும், பெட்டி வந்திருக்காது. வான் பின்னால் போய்த் திரும்பியது. ஒரு சந்தி. நின்றது. பெட்டி வந்திருக்கும். இன்னும் ஒரு சந்தி. அவள் வட்டத்தை இழுக்க இழுக்க, தூண்டிலில் மாட்டிய மீன் போல வான் பின்னாலேயே போனது, ஜெட்டிக்கு எதிர்த்திசையில், பொலிஸ் நிலையம் இருக்கும் வீதியை நோக்கி. வியர்வையில் விரல் வழுக்கியது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள்.

துறைமுகத்தில் ஒரு சிறு வள்ளம் கரையை விட்டுப் புறப்பட்டது. இரண்டு தலைகள்.

பொலிஸ் நிலையத்து வீதி தொடங்கும் இடத்தில் வான் நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு, மற்ற வாகனங்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க, நடு வீதியில் ஒரே வெட்டில் திரும்பியது. நிதானம் போய்விட்டது. அது இப்போது சந்திகளில் நிற்கவில்லை. நேரே கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது.

ஜீப் இன்னும் ஜெட்டிக்கு வரவில்லை. வள்ளம் பழைய படகை இப்போதுதான் தொட்டிருந்தது. வான் ஜெட்டிக்குப் போய்ச் சேர நேரம் அதிகம் எடுக்காது. கம்பனியின் வேகப்படகு ஜெட்டியில் கட்டியே நிற்கும். முந்தநாள் இரண்டு பேரை ஏற்றிப்போய் ஒருவரோடு திரும்பிய அதே படகு.

வட்டத்தை இனி நகர்த்திப் பயனில்லை. ஷிஃபானா போனைப் பார்த்தாள். மூதூர் பஸ் இன்னும் போயிருக்காது. அவள் சோமசேகரத்துக்கு அழைப்பு எடுத்தாள்.

“சேர். நான் ஷிஃபானா.”

மறுபுறம் என்ஜின் சத்தம் மட்டும்.

“வட்டத்தை நகர்த்தினது நான்தான் சேர். பெட்டியைப் போட்டதும் நான்தான்.” நிறுத்தி, மூச்செடுத்து, மீண்டும் சொன்னாள். “நீங்க ரெண்டு பேரும் படகில ஏறினதை நான் பார்த்தனான். அதை வைச்சுத்தான் உங்களைப் பயப்படுத்தப் பார்த்தன். உங்களோட கதைக்க வேணும். உவர்மலையில, பள்ளிக்கூட வாசலுக்குப் பக்கத்தில நிக்கிறன். தனியத்தான்.”

“பொலிசிட்டப் போயிட்டீங்களா?” குரல் அமைதியாக இருந்தது. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

“நாளைக்குத்தான் வரச் சொன்னவங்க.”

“அங்கயே நில்லுங்க. அசையக்கூடா.”

ஜெட்டிக்குத் திரும்பும் சந்தியில் வான் தயங்கியது. பிறகு மலையை நோக்கித் திரும்பியது.

ஷிஃபானா வேம்பின் நிழலை விட்டு, குடைகளோடு நின்ற தாய்மாருக்கு நடுவே போய் நின்றுகொண்டாள். அவளுடைய வியர்வையைப் பார்த்து ஒருத்தி, “என்ன பிள்ளை, வெயில் பட்டிட்டா?” என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். பாடசாலை மணி அடித்தது. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வாசல் வழியே கொட்டுண்டார்கள். அவர்களைத் தாண்டி, ஏற்றத்தில், சிரித்துக்கொண்டு டொல்பின் ஏறி வந்தது.

அவள் அதைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளம் பழைய படகை விட்டு விலகியது. தலைகளை எண்ணினாள். வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்ததில் கண் கூசியது. மீண்டும் எண்ணினாள்.

வான் கதவு திறந்தது. சோமசேகரம் பிள்ளைகளுக்குள் புகுந்து, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு வந்து, அவள் முழங்கையைப் பிடித்தார். பார்ப்பவர்களுக்கு ஒரு தகப்பன் பிடிப்பது போலத் தெரியும். விரல்கள் எலும்பில் பதிந்தன.

“வான்ல ஏறுங்க. அவன் செத்ததுக்கு உங்களிட்ட என்ன ஆதாரம் இருக்கு?”

“அவர் செத்ததுக்கா சேர்?” ஷிஃபானா அவர் பக்கம் திரும்பினாள். பிடிபடாத கையால் ஜெட்டியைக் காட்டினாள். அங்கே ஒரு ஜீப் வந்து நின்றிருந்தது. அதை நோக்கி, மூன்று தலைகளோடு, ஒரு சின்ன வள்ளம் கரையை அணைந்துகொண்டிருந்தது. “அதுக்கு என்னிட்ட ஒண்டுமில்ல. அந்தா, இறங்கப் போறார். ஒரு கால் ஏலாது போல, இன்பாஸ் தாங்கிப் பிடிச்சிருக்கார். பாருங்க.”

முழங்கையில் இருந்த பிடி ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது.